தோட்டக் கிளினிக்கில் டிங்கி ரேபிட் டெஸ்ட்: கிட் எங்கே வைப்பது, ரத்தம் எப்படி எடுப்பது, நெகடிவை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: செம்பனை_டிரசர் (சுங்கை சிப்புட் வட்டாரம்)

எல்லாருக்கும் வணக்கம். செம்பனைத் தோட்டக் கிளினிக்கில் டிரசர் (மருத்துவ உதவியாளர்) வேலை. லயத்து வீடுகளோடு, மறுபக்கம் அந்நியத் தொழிலாளர் தங்கும் கோங்சியும் இருக்கு. மழை விட்டு விட்டுப் பெய்யுறதால காய்ச்சல் கேஸ் கூடுது. ரத்தம் பார்க்கணும்னா டவுன் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும், அதுக்கு வண்டி கிடைக்கணும். அதனால 25 டெஸ்ட் உள்ள டிங்கி கிட் பெட்டி ஒண்ணு வாங்கித் தர நிர்வாகம் ஒத்துக்கிச்சு. ஒரே அட்டையில் ரெண்டு ஜன்னல்: ஒண்ணு என்எஸ்1, இன்னொண்ணு ஐஜிஎம், ஐஜிஜி.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நாலு சந்தேகம்.

ஒண்ணு, கிளினிக் தகரக் கூரை. ஏர்கோன் வேலை நேரத்தில் மட்டும்தான் ஓடும். ஞாயிற்றுக்கிழமை அறை கொதிக்கும். கிட்டை ஐஸ் பெட்டியில் (ஃபிரிட்ஜில்) வைக்கலாமா?

ரெண்டு, விரல் குத்தினா போதுமா, நரம்பில் எடுக்கணுமா?

மூணு, பக்கத்துத் தோட்டத்தில் ஒருத்தருக்கு இங்கே நெகடிவ், பிறகு ஆஸ்பத்திரியில் பாசிட்டிவ். இந்தக் கிட் வேலைக்கே ஆகாதுன்னு ஒரு பேச்சு ஓடுது. உண்மையா?

நாலு, மேனேஜர் கோங்சியில் இருக்கிற எல்லாரையும் ஒரே நாளில் டெஸ்ட் பண்ணச் சொல்றார். செய்யலாமா?

பதில் 1: ரத்தப்_பரிசோதகர் (ஈப்போ)

தம்பி, உங்கள் மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது புரிந்தால் மற்றவை தானாகப் புரியும்.

என்எஸ்1 என்பது டிங்கி வைரஸ் பெருகும்போது ரத்தத்தில் கசியவிடும் புரதம். காய்ச்சல் தொடங்கிய முதல் நாளிலிருந்தே இருக்கும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு குறைந்துகொண்டே போகும். ஐஜிஎம் நம் உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருள். அது ஏறத்தாழ ஐந்தாம் நாளில்தான் தலைகாட்டும். ஆகவே முதல் நான்கு நாள் என்எஸ்1 ஜன்னலின் காலம், ஐந்துக்குப் பிறகு ஐஜிஎம் ஜன்னலின் காலம். இடையில் இரண்டும் மங்கலாக இருக்கும் ஓரிரு நாள் உண்டு. இரண்டு ஜன்னலையும் ஒன்றாக விற்பதற்குக் காரணம் இதுதான். காசை மிச்சப்படுத்த ஒரு பக்கம் மட்டும் போடாதீர்கள்.

அப்படியானால் இரண்டாம் நாளில் ஏன் நெகடிவ் வருகிறது? நம் ஊரில் முக்கியமான காரணம், அது இரண்டாவது அல்லது மூன்றாவது முறை வந்த டிங்கியாக இருப்பது. டிங்கி வைரஸில் நான்கு வகை உண்டு. முன்பு ஒரு வகை வந்துபோனவருக்கு ஐஜிஜி என்ற, நீண்ட நாள் நிற்கும் எதிர்ப்பொருள் ஏற்கெனவே இருக்கும். புதிய தொற்றில் அது வேகமாக ஏறி, என்எஸ்1 புரதத்தைப் பிடித்துக் கட்டிவிடும். கட்டுண்ட என்எஸ்1 பட்டையில் உள்ள எதிர்ப்பொருளில் ஒட்டாது. மலேசியாவில் வளர்ந்த பெரியவர்களில் பெரும்பாலோர் ஒரு முறையாவது டிங்கியைச் சந்தித்தவர்கள். கடுமையாகப் போகும் வாய்ப்பும் இரண்டாவது தொற்றில்தான் கூடுதல். கிட் தடுமாறும் இடமும் ஆபத்து கூடும் இடமும் ஒன்றாக இருப்பதால்தான், நெகடிவைக் காட்டி யாரையும் வேலைக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்று அழுத்திச் சொல்கிறேன். காய்ச்சல் இருந்தால் மறுநாள் மறுபடியும் வரச் சொல்லுங்கள்.

காய்ச்சல் நாளைக் கணக்கிடுவதிலும் கவனம் வேண்டும். “எத்தனை நாளாகக் காய்ச்சல்?” என்று கேட்டால் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) வராத நாளிலிருந்து எண்ணிச் சொல்வார்கள். அதற்கு முந்தைய இரவே குளிர் எடுத்திருக்கும், பெனடோல் போட்டுக்கொண்டு ஒரு நாள் குலை வெட்டியும் இருப்பார்கள். “முதன்முதலில் உடம்பு சுட்டது எந்தக் கிழமை, பகலா ராத்திரியா?” என்று கேளுங்கள். அந்த நாள்தான் ஒன்று.

இனி அளவு. பெரும்பாலான தவறு இங்கேதான் நடக்கிறது.

இரண்டு ஜன்னல் கிட்களில் வழக்கமான அளவு இது: என்எஸ்1 குழியில் சொட்டுக்குழாயால் 3 சொட்டு, அதாவது ஏறத்தாழ 100 மைக்ரோலிட்டர். எதிர்ப்பொருள் பக்கத்தின் சிறு குழியில் 10 மைக்ரோலிட்டர் ரத்தம், பிறகு அதற்குரிய குழியில் கரைசல் 4 சொட்டு. 15 முதல் 20 நிமிடத்துக்குள் படிக்க வேண்டும். உங்கள் பெட்டியில் உள்ள தாளில் வேறு அளவு போட்டிருந்தால் அந்தத் தாள் சொல்வதே சரி. கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஒரே கம்பெனியின் பழைய பெட்டிக்கும் புதுப் பெட்டிக்கும்கூட மாறலாம். ஒரு கிட்டின் கரைசலை இன்னொரு கிட்டுக்கு ஒருபோதும் ஊற்றாதீர்கள்.

அந்த 10 மைக்ரோலிட்டர் குழாயை அமுக்கி உறிஞ்சக் கூடாது. நுனியை ரத்தத்தில் படும்படி சாய்த்துப் பிடித்தால் தானாகக் கோடு வரை ஏறும். நடுவில் காற்றுக் குமிழி இருந்தால் அளவு பாதிதான். கரைசல் பாட்டிலை நேராக நிமிர்த்திப் பிடித்துச் சொட்ட விடுங்கள். சாய்த்துப் பிடித்தால் சொட்டின் பருமன் மாறும்.

அட்டையின் கட்டுப்பாட்டுக் கோடான சி கோடு வந்துவிட்டால் டெஸ்ட் சரி என்று பலர் நம்புகிறார்கள். அது பாதிதான் உண்மை. சி கோடு சொல்வது, திரவம் பட்டையின் கடைசி வரை ஓடியது, சாயத் துகள் கெடவில்லை என்பதை மட்டும். எதிர்ப்பொருள் பக்கத்தில் ரத்தமே விழாமல் கரைசல் மட்டும் ஓடினாலும் சி கோடு அழகாக வரும். ரத்தம் போதிய அளவு விழுந்ததா என்பதைப் போடும்போதே கண்ணால் பார்த்தால்தான் உண்டு. குழியின் அடியில் உள்ள பட்டை முழுக்கச் சிவந்திருக்க வேண்டும். குழாயின் உட்சுவரில் ரத்தம் ஒட்டி நின்றால் அது நோயாளியின் ரத்தம், டெஸ்ட்டின் ரத்தம் அல்ல.

ஓடும் விதத்தையும் கவனியுங்கள். ரத்தம் போட்டதும் ஊதா நிற விளிம்பு ஒன்று ஜன்னலுக்குள் நகர வேண்டும். ஒரு நிமிடம் ஆகியும் அசையாவிட்டால், சொட்டு போதவில்லை அல்லது ரத்தம் கெட்டியாக இருக்கிறது. டிங்கியில் நீர்ச்சத்து ரத்தக் குழாயை விட்டு வெளியேறி ரத்தம் இறுகும் என்பதால், மோசமாக இருப்பவரின் ரத்தம்தான் மெதுவாக நகரும். தாள் அனுமதித்தால் இன்னொரு சொட்டு சேர்க்கலாம். 15 நிமிடத்தில் பின்னணி வெளுத்து, கோடுகள் மட்டும் நிற்க வேண்டும். ஜன்னல் முழுவதும் இளஞ்சிவப்பாகவே கிடந்தால் மங்கலான கோட்டை அது மூடிவிடும். அந்த முடிவை எழுதாதீர்கள், புதிய அட்டையில் மீண்டும் போடுங்கள்.

அட்டையின் ஓரத்தில் ரத்தம் போட்ட நேரத்தை மார்க்கரால் எழுதுங்கள். 20 நிமிடம் தாண்டிய அட்டையில் தண்ணீர் காயும்போது சாம்பல் நிறத்தில் ஒரு கோடு தெரியும். மத்தியானம் போட்டதைச் சாயங்காலம் எடுத்துப் பார்த்து “இப்போது பாசிட்டிவ்” என்று மாற்றி எழுதுவது வேண்டாம். நேரத்துக்குள் வந்த கோடு எவ்வளவு மங்கலாக இருந்தாலும் பாசிட்டிவ்தான். டார்ச் அடித்து, முடிந்தால் இரண்டு பேர் தனித்தனியாகப் பாருங்கள்.

வைப்பு முறை: பெரும்பாலான கிட்களில் மேல் எல்லை 30 டிகிரி. தகரக் கூரை அறையில் ஏர்கோன் நின்ற ஞாயிறு மத்தியானம் அது தாண்டும். உச்சமும் தாழ்வும் பதிக்கும் வெப்பமானி ஒன்று வாங்கி, பெட்டி இருக்கும் இடத்திலேயே வைத்துத் தினமும் எழுதுங்கள். உறையில் 2 டிகிரியிலிருந்து என்று போட்டிருந்தால் ஐஸ் பெட்டியின் நடுத்தட்டில் வைக்கலாம். உறைபனிப் பகுதியில் கூடாது, பின்சுவரில் ஒட்டியும் கூடாது. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்தால் பையைக் கிழிக்காமல் அரை மணி நேரம் வெளியே வையுங்கள். குளிர்ந்த பட்டையில் நம் ஊர் ஈரக்காற்று பட்டால் உடனே வேர்க்கும், ஈரமான பட்டையில் ரத்தம் ஒழுங்காக ஓடாது. பையைப் பிரித்ததும் உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தின் நிறம் பாருங்கள். மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறும் வகை என்றால், பச்சை கண்டதும் அந்த அட்டை குப்பைக்கு. பிரித்த அட்டையை “அடுத்த ஆளுக்கு” என்று வைத்திருக்கவே கூடாது.

காரின் பின்பெட்டியில் வைத்து டவுனிலிருந்து கொண்டு வருவதையும் சொல்ல வேண்டும். வெயிலில் நிற்கும் காரில் 50 டிகிரி எளிதாகத் தாண்டும். ஆறு மாதம் ஒழுங்காகக் காத்த கிட் ஒரு மத்தியானத்தில் கெடலாம். வாங்கும் போதே மருத்துவச் சாதன ஆணையத்தில் பதிவான கிட்தானா என்று பதிவு எண்ணைச் சரிபாருங்கள். 2012 மருத்துவச் சாதனச் சட்டப்படி பதிவு கட்டாயம். இணையக் கடையில் மலிவாக வருவதில் பல அப்படி இருப்பதில்லை.

பதில் 2: நர்ஸ்_அக்கா (தாப்பா)

அண்ணன் விவரமா சொல்லிட்டார். விரலா நரம்பா என்பதை மட்டும் நான் சொல்றேன்.

100 மைக்ரோலிட்டர் விரலிலிருந்து எடுப்பது பேச்சுக்குச் சுலபம். குலை வெட்டுறவங்க விரல் தோல் காய்ச்சுப்போய் இருக்கும், காய்ச்சலில் கை வேற சில்லுன்னு இருக்கும். ரத்தம் வரலைன்னு பிசைஞ்சு பிசைஞ்சு எடுத்தா திசு நீரும் கலந்து நீர்த்துப்போகும், அணுக்களும் உடையும். அதனால நரம்பில் எடுக்கத் தெரிஞ்சவங்க இருந்தா ஊதா மூடி இடிடிஏ குழாயில் (ரத்தம் உறையாம தடுக்கிற மருந்து உள்ளது) 2 மில்லி எடுத்துடுங்க. அதுவே ரேபிட் டெஸ்ட்டுக்கும் ஆகும், மீதியை எஃப்பிசிக்கு (முழு ரத்த எண்ணிக்கை) ஆஸ்பத்திரிக்கும் அனுப்பலாம். எடுத்ததும் குழாயை எட்டு பத்து தடவை மெதுவா கவிழ்த்து நிமிர்த்துங்க. குலுக்கக் கூடாது. உறைஞ்ச துளி இருந்தா தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கை பொய்யா குறைஞ்சு வரும், வீணா பதறுவோம்.

விரல்தான் வழின்னா: வெதுவெதுப்பான தண்ணியில் கை கழுவச் சொல்லுங்க. நடுவிரல் இல்லேன்னா மோதிர விரல், நுனியில் நடுவில் இல்லாமல் பக்கவாட்டில் குத்துங்க. ஸ்வாப் ஈரம் முழுசா காயணும், அரை நிமிஷம் பொறுங்க. ஸ்பிரிட் கலந்தா அணு உடையும். முதல் சொட்டைத் துடைச்சிட்டு அடுத்ததிலிருந்து எடுங்க. கை தொங்கவிட்டா நல்லா வரும்.

இப்ப முக்கியமானது. தம்பி, டிங்கியில் ஆளைக் காப்பாத்துறது அந்த அட்டை இல்ல, தினசரி ரத்த எண்ணிக்கைதான். பாசிட்டிவ்னு தெரிஞ்ச பிறகும் ஹெமாட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களோட பங்கு) ஏறுதா, தட்டணு இறங்குதான்னு நாள்தோறும் பார்க்கணும். கிளினிக்கில் சிறு ஹெமாட்டோக்ரிட் சுழலி ஒண்ணு இருந்தா பெரிய உதவி. ஹெப்பாரின் பூசிய மெல்லிய குழாயில் முக்கால் பங்கு ரத்தம், ஒரு முனையை களிமண்ணால் அடைச்சு, அடைச்ச முனை வெளிப்பக்கம் இருக்கும்படி வைச்சு, நிமிஷத்துக்கு 10,000 முதல் 12,000 சுற்றில் 5 நிமிஷம். எதிர்ப்பக்கம் இன்னொரு குழாய் வைச்சு எடையைச் சமப்படுத்தணும். ஆளோட பழைய அளவு தெரியலேன்னா, ஆணுக்கு 46, பெண்ணுக்கு 40 விழுக்காடு என்பதை அடிப்படையா வைச்சு இங்கே பார்க்கிறாங்க. அதுக்கு மேல ஏற ஏற, தட்டணு மளமளன்னு இறங்கினா, அன்னைக்கே அனுப்பணும்.

வயித்து வலி, நிக்காத வாந்தி, வயிற்றுப்போக்கு, பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம், மயங்கி மயங்கிப் படுக்கிறது, மூச்சு வாங்குறது. இதில் ஒண்ணு இருந்தாலும் அட்டை நெகடிவா இருந்தாலும் வண்டி ஏத்துங்க. காய்ச்சல் விட்டுப்போச்சுன்னு மகிழ்ற நேரம்தான் ஆபத்தான நேரம், பெரும்பாலும் மூணாவது நாள்லேர்ந்து ஏழாவது நாளுக்குள்ள. “காய்ச்சல் நின்னுடுச்சு, நாளைக்கு வேலைக்குப் போறேன்”னு சொல்றவரை அன்னைக்கு விடாதீங்க.

பாராசெட்டமோல் மட்டும் கொடுங்க. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் கூடாது. தசையில் ஊசி போடவும் கூடாது, உள்ளே ரத்தம் கட்டிக்கும். லயத்தில் “ஒரு ஊசி போட்டா சரியாயிடும்”னு கேட்பாங்க, கேட்டாலும் மறுத்துடுங்க.

பதில் 3: பூச்சிப்பிரிவு_மணி

நாலாவது கேள்விக்கு: காய்ச்சல் இல்லாத ஆளுக்கு டெஸ்ட் போட வேண்டாம்.

என்எஸ்1 காய்ச்சல் உள்ளபோதுதான் பயன்படும். நல்லா இருக்கிறவருக்கு ஐஜிஜி கோடு வந்தா அது முன்பு எப்போதோ வந்ததைச் சொல்லும், அதை வைச்சு ஒண்ணும் செய்ய முடியாது. ஐஜிஎம்கூட குணமான பிறகு இரண்டு மூன்று மாதம் நிற்கும். 25 அட்டையும் ஒரே நாளில் தீர்ந்து, அடுத்த வாரம் உண்மையான காய்ச்சல்காரர் வரும்போது பெட்டி காலியா இருக்கும். மேனேஜர் செலவு செய்யத் தயாரா இருந்தா, அந்தப் பணத்தைக் கொசுவின் மேல் செலவிடச் சொல்லுங்க. தினமும் காலையில் கோங்சியில் நெற்றியைத் தொட்டுப் பார்க்க ஒரு வெப்பமானியும் ஒரு நோட்டும் போதும், காய்ச்சல் உள்ளவருக்கு மட்டும் அட்டை.

ஏடிஸ் முட்டை கொசுவாக ஏறத்தாழ 7 முதல் 10 நாள். அதனால் வாரம் ஒரு முறை தண்ணீர் கொட்டினால் சுழற்சி அறும். தோட்டத்தில் தேட வேண்டிய இடம்: கோங்சிக்குப் பின்னால் தண்ணீர் பிடிக்கும் தோம்பு (பீப்பாய்), பழைய டயர், நாற்றங்கால் கருப்புப் பையின் மடிப்பு, பால்மரம் மிச்சமிருந்தால் கவிழ்க்காத பால் பிடிக்கும் மங்கு, சமையல் இடத்தில் வீசிய உணவுப் பெட்டி. கொட்ட முடியாத தோம்புக்கு 1 விழுக்காடு டெமஃபோஸ் (கொசுப்புழுவைக் கொல்லும் மருந்து) மணல், 10 லிட்டருக்கு 1 கிராம். 200 லிட்டர் தோம்புக்கு 20 கிராம். கைப்பிடி அளவு வீசினால் மருந்துதான் வீண்.

பாசிட்டிவ் வந்ததும், 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டப்படி மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கணும். முதலில் போன், பிறகு பாரம். அதில் “சுங்கை சிப்புட் தோட்டம்” என்று மட்டும் எழுதினால் பூச்சிப்பிரிவு ஆள் எங்கே போவார்? டிவிஷன், லயத்து வரிசை, கதவு எண், கடந்த இரண்டு வாரத்தில் வேறு எங்கே தங்கினார் என்பதையும் எழுதுங்க. ஊசியும் அட்டையும் குப்பைத் தொட்டியில் போகக் கூடாது. ஊசி மஞ்சள் பெட்டிக்கு, ரத்தம் பட்ட அட்டை மஞ்சள் பைக்கு. அது எஸ்டபிள்யூ 404 என்ற கழிவுக் குறியீட்டில் வரும் மருத்துவக் கழிவு, குத்தகைக்காரர் வந்து எடுக்கணும்.

கேட்டவர்: செம்பனை_டிரசர்

அண்ணனுக்கும் அக்காவுக்கும் மணிக்கும் ரொம்ப நன்றி. கோங்சி சோதனை வேண்டாம்னு மேனேஜர்கிட்ட இந்தப் பதிலையே காட்டப் போறேன். இன்னும் ரெண்டு கேள்வி. என்எஸ்1 இல்ல, ஐஜிஎம் இல்ல, ஐஜிஜி மட்டும் வந்தா என்ன எழுதுறது? இன்னொண்ணு, எங்க ஆளுங்க சிலர் காட்டோரப் பிளாக்கில் வேலை செய்யறாங்க, சிலர் புதுசா வெளிநாட்டிலிருந்து வந்தவங்க. டிங்கி நெகடிவ், ஆனா தட்டணு ரொம்பக் குறைவுன்னா அடுத்து என்ன பார்க்கணும்?

பதில் 4: ரத்தப்_பரிசோதகர் (ஈப்போ)

ஐஜிஜி மட்டும் என்றால் நாளைப் பாருங்கள். காய்ச்சலின் மூன்றாம் நான்காம் நாளில் ஐஜிஜி கோடு மட்டும் அழுத்தமாக வந்தால், இரண்டாவது டிங்கியின் தொடக்கமாக இருக்க வாய்ப்பு உண்டு. பழைய தொற்றின் மிச்சமாகவும் இருக்கலாம். அட்டையை வைத்துப் பிரித்தறிய முடியாது. “டிங்கி இல்லை” என்று எழுதாதீர்கள். “ஐஜிஜி மட்டும், காய்ச்சல் நாள் 4, எஃப்பிசிக்கு அனுப்பப்பட்டது” என்று எழுதி அனுப்புங்கள், மருத்துவருக்கு அது மிகவும் பயன்படும். ஐஜிஎம் மட்டும் வந்தால் அதே வைரஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஸிகாவோ ஜப்பானிய மூளைக்காய்ச்சலோ குறுக்கே காட்டுவதும் உண்டு என்பதை நினைவில் வையுங்கள். சிக்குன்குனியா வேறு குடும்பம், இந்த அட்டையில் காட்டாது. மூட்டு வீங்கி நடக்க முடியாதவருக்கு டிங்கி நெகடிவ் என்றால் அதைத் தனியாகக் கேட்டு அனுப்புங்கள்.

காட்டோரப் பிளாக் என்றீர்களே, அதற்கு டிங்கியோடு நிறுத்தக் கூடாது. குரங்கிலிருந்து கொசு வழியாக வரும் நௌலேசி மலேரியா நம் நாட்டில் காட்டோரத் தோட்டங்களில் இருக்கிறது. அதில் தட்டணு கிட்டத்தட்ட எல்லோருக்கும் விழும், பார்க்க டிங்கி போலவே இருக்கும். மலேரியா ரேபிட் கிட் இந்த வகையைப் பல முறை தவறவிடும், அதனால் நுண்ணோக்கியில் பார்க்க ரத்தப் படலம் கட்டாயம். ஒரே கண்ணாடித் தகட்டில் தடித்த படலம் ஒன்று, மெல்லிய படலம் ஒன்று. தடித்ததற்கு ஒரு சொட்டை இன்னொரு கண்ணாடியின் மூலையால் சிறு வெள்ளி நாணயம் அளவுக்குப் பரப்புங்கள், கீழே வைத்த செய்தித்தாளின் எழுத்து அதனூடே மங்கலாகத் தெரிய வேண்டும். அதைச் சூடாக்கிக் காய வைக்காதீர்கள், மெத்தனால் படவும் விடாதீர்கள். மெத்தனால் மெல்லியதற்கு மட்டும். ஈயும் எறும்பும் ஈர ரத்தத்தை நக்கிவிடும் என்பதால் கண்ணாடிப் பெட்டியில் மூடிக் காய விடுங்கள். நௌலேசி 24 மணி நேரத்துக்கு ஒரு முறை பெருகும், எனவே எடுத்த படலம் அன்றே நுண்ணோக்கிக்குப் போக வேண்டும், மறுநாள் பஸ்ஸுக்குக் காத்திருக்கக் கூடாது.

கண் சிவந்து, கெண்டைக்கால் தொட்டால் வலித்தால் எலிக்காய்ச்சலையும் குறிப்பில் எழுதுங்கள். குலை பொறுக்குமிடத்தில் எலி அதிகம்.

அனுப்பும்போது: எஃப்பிசி குழாய்க்கு ஐஸ் தேவையில்லை. வெயில் படாத பெட்டியில், செங்குத்தாக, அன்றே சேர்ந்தால் போதும். வைரஸ் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரி சீரம் (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீர்) கேட்டால் மட்டும் ஐஸ் போட்ட பெட்டி, 2 முதல் 8 டிகிரி. குழாயை ஐஸில் நேராகப் படும்படி வைத்தால் அணு உடைந்து சீரம் சிவந்துவிடும். நடுவில் ஒரு மடிப்புத் துணி வையுங்கள். பாரத்தில் காய்ச்சல் தொடங்கிய நாள், ரத்தம் எடுத்த நேரம், அட்டையின் பேட்ச் எண், மூன்று கோட்டின் நிலை ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதுங்கள். பேட்ச் எண் இருந்தால்தான், ஒரே பெட்டியில் இரண்டு மூன்று முடிவுகள் ஆஸ்பத்திரியோடு முரணாக வரும்போது அந்தப் பெட்டியை ஒதுக்கி, புதிய பெட்டியோடு ஒப்பிட முடியும்.

பதில் 5: நர்ஸ்_அக்கா (தாப்பா)

ஒண்ணு விட்டுப்போச்சு. தோட்டத்தில் கர்ப்பிணி, சர்க்கரைக்காரர், கைக்குழந்தை, 60 தாண்டினவங்க யாருக்குக் காய்ச்சல்னாலும் அட்டையில் முடிவு வரும் வரை காத்திருக்காதீங்க. அட்டையைப் போட்டுட்டு, அது ஓடுற 15 நிமிஷத்துக்குள்ள வண்டிக்குப் போன் அடிங்க. முடிவை எழுதின சீட்டும் மீதி ரத்தக் குழாயும் அதே வண்டியில் போகட்டும்.